போவிஸ் கோட்டையில் இல்லாத பெண்கள்
கடலூர் தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகளே மிஞ்சியுள்ளன. 1756இல் அதன் ஆளுநராக இருந்த ராபர்ட் கிளைவின் குடும்பச் சேகரிப்போ, வேல்ஸின் போவிஸ் கோட்டையில் ‘கிளைவ் அருங்காட்சியக’மாகப் பாதுகாக்கப்படுகிறது. போவிஸ் குடும்பத்து மகளான ஹென்ரியட்டா, கிளைவின் மருமகள். 1800இல் தென்னிந்தியாவில் ஏழு மாதம் பயணம் செய்து பொருள்கள் திரட்டியவர். அருங்காட்சியகத்தின் பெயரில் அவர் இல்லை. அவரையும் சேகரிப்பாளராக அடையாளம் காண்பது நியாயமே.

ஆனால் அங்குள்ள திப்புவின் கூடாரம், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கைமாறியது. திப்புவின் அந்தப்புரப் பெண்களோ 1802இல் வேலூர்க் கோட்டைக்குக் கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். சேகரித்த பெண்ணை மீட்கும் வாசிப்பு, பறிகொடுத்த பெண்களையும் கேட்க வேண்டும். இல்லையேல், கொள்ளைக்கு ஒரு பெண்ணின் பெயரைச் சூட்டியதாகவே அது முடியும்.