ஐடாவின் குரலும் கேமராவின் கண்ணும்

இத்தாலிய ஓபராவுக்கெனக் கட்டப்பட்ட அரங்கம் ஜொகூர் மாநிலத்தில் இல்லாமையால், ஜுசெப்பே வெர்டியின் ‘ஐடா’வை அறிய விரும்பும் ஜொகூர் பாரு ரசிகருக்குப் பெரும்பாலும் வாய்ப்பது, அயல்நாட்டு மேடையொன்றில் நிகழ்ந்ததைப் பல கேமராக்கள் கொண்டு பதிவுசெய்த படமே ஆகும். எனினும் கதை முழுவதையும் பாட்டாலேயே நடத்திச்செல்லும் இக்கலையின் அடிப்படை அவருக்கு அந்நியமானதன்று. இந்தியாவிலிருந்து பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாகி ‘மலாய் ஓபரா’ என்றே அழைக்கப்பட்ட பங்சாவானும், சங்கரதாஸ் சுவாமிகளின் வழியில் வளர்ந்து கடல்கடந்து வந்த தமிழ் இசை நாடகமும் இம்மண்ணில் பாடி நடிக்கப்பட்டவை. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்துவந்த ‘பவளக்கொடி’யை 1934இல் கே. சுப்பிரமணியம் படமாக்கியபோது எழுந்த சிக்கலே, பாட்டுக்காகப் பிறந்த மேடையைக் கண்ணுக்கான திரையில் எப்படி அடக்குவது என்ற சிக்கலே, ‘ஐடா’வின் பதிவுகளிலும் நீடிக்கிறது.

அவற்றுள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் 1989ஆம் ஆண்டுப் பதிவு விரிவாக ஆராயத்தக்கது. சோன்யா ஃப்ரிசெல் மேடையேற்றிய இந்நிகழ்வை ஜேம்ஸ் லெவைன் இசை நடத்த, எத்தியோப்பிய இளவரசியாயிருந்து எகிப்தில் அடிமையான ஐடாவாக அப்ரில் மில்லோவும், அவள் காதலனாகிய எகிப்தியத் தளபதி ரடாமெஸாகப் பிளாசிடோ டொமிங்கோவும், அவனை விரும்பும் மன்னர் மகள் அம்னெரிஸாக டொலோரா ஸாஜிக்கும் பாடினர். படப்பதிவை இயக்கியவர் பிரையன் லார்ஜ்.

ஏறத்தாழ 3,800 இருக்கைகள் கொண்ட அவ்வரங்கில் பாடகர்கள் ஒலிபெருக்கியின்றியே பாடுகின்றனர் என்பது படம் பார்ப்பவர் முதலில் மனத்தில் இருத்தவேண்டிய செய்தி. பயின்ற ஓபராக் குரல், வாத்தியக் குழுவின் ஒலி மெலியும் இடமாகிய, வினாடிக்குச் சுமார் 3,000 அதிர்வுகளையொட்டிய பகுதியில் தன் ஆற்றலைக் குவித்துக்கொள்வதால்தான் அத்தனை வாத்தியங்களையும் கடந்து கடைசி வரிசைக்கு எட்டுகிறது. ஒலிவாங்கியில்லாத காலத்தில் இசை நாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலைக் கேட்ட தலைமுறைக்கு இதனை விளக்கவேண்டிய தேவை இருந்திருக்காது. பதிவிலோ பெரிய குரலும் சிறிய குரலும் ஏறக்குறைய ஒரே அளவினவாக ஒலிக்கின்றன. முதல் அங்கத்தின் தொடக்கத்திலேயே, குரல் இன்னும் சூடேறாத நிலையில், தெனர் எனப்படும் உச்ச ஆண்குரலுக்கு வரும் தனிப்பாடலின் இறுதி உயர்சுரத்தை மிக மெல்லியதாக, தேய்ந்து மறையும்படி பாடுமாறு வெர்டி குறித்திருக்க, பெரும்பாலான பாடகர்கள் அதனை முழுக்குரலில் முடிப்பது வழக்கம். ஒரு பேரரங்கில் அந்த மென்மை எத்தனை அரிது என்பதைப் படம் உணர்த்துவதில்லை. பாலம் கடந்தால் சிங்கப்பூரின் எஸ்பிளனேட் கலையரங்கம் இருக்கிறது என்பது ஜொகூர் ரசிகரின் நற்பேறு. அங்கே ஒருமுறையேனும் ஒலிபெருக்கியற்ற குரலைக் கேட்டவர் இப்பதிவை வேறு செவியோடு கேட்பார்.

இரண்டாம் அங்கத்தின் வெற்றி ஊர்வலமே பலரும் இந்த ஓபராவை நாடுவதற்குக் காரணமாயினும், திரையில் மிகவும் இழப்பது அதுவே. அதன் முடிவில் அரசனும் குருமார்களும் கைதிகளும் காதலரும் வெவ்வேறு சொற்களை ஒரே வேளையில் பாடுகையில், செவி அனைவரையும் பெற்றுக்கொள்ள, கேமரா யாரேனும் ஒருவர் முகத்தைத் தேர்ந்தெடுத்துப் பிறரைக் கைவிட நேர்கிறது.

இதற்கு நேர்மாறாக, நான்காம் அங்கத்தின் நீதிவிசாரணைக் காட்சி படத்துக்கென்றே எழுதப்பட்டதுபோல அமைந்துள்ளது. தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட ரடாமெஸை நிலவறையில் குருமார்கள் விசாரிக்கின்றனர். மும்முறை பெயர் சொல்லி அழைத்தும் அவன் வாய்திறப்பதில்லை. இவையனைத்தும் காதுக்கு மட்டுமே எட்ட, கண்முன் நிற்பவள் அவனைத் தானே காட்டிக்கொடுத்த அம்னெரிஸ் ஒருத்திதான். தேர்ந்தெடுக்கவேண்டிய சுமை நீங்கியதால் கேமரா அவளோடு தங்கலாம். தாழ்ந்த பெண்குரலின் இருளும் உச்சத்தின் கூர்மையும் ஒருங்கே வாய்த்த ஸாஜிக், குருமார்களைச் சபிக்கும் இடத்தில் குரலைச் சிதறவிடாமல் சினத்தை முழுமையாகக் கொட்டுகிறார். இப்பதிவின் சிகரம் இக்காட்சியே. தலைப்புப் பாத்திரத்தையும் மீறி நாடகம் அம்னெரிஸின் கைக்குப் போய்விடுகிறது என்று சொன்னாலும் தவறாகாது.

இறுதிக் காட்சிக்கு வெர்டி இரண்டு தளங்களைக் கேட்டார்: மேலே ஒளிபொருந்திய கோவில், கீழே காதலர் உயிரோடு அடைபட்ட கல்லறை. மில்லோவும் டொமிங்கோவும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துப் பாடும் அந்தப் பிரிவுரையில் அண்மைக் காட்சிகள் மனத்தை உருக்குகின்றன என்பது மெய்யே. ஆயினும் கடைசிப் பாட்டுச் சொல் அவர்களுடையதன்று, மேல்தளத்தில் அமைதி வேண்டி மன்றாடும் அம்னெரிஸுடையது. கேமரா கீழே நெருங்கும்போதெல்லாம் அவள் படச்சட்டத்துக்கு வெளியே போகிறாள். இரு தளங்களையும் ஒருசேரக் காட்டும் அகலக் காட்சியே இங்கு நாடகத்தின் முழுப்பொருளைத் தருகிறது என்பதால், இந்த ஓபராவைக் கைபேசியில் அன்றிப் பெரிய திரையில் காண்பதே தக்கது.