அரிப்பு மாத்திரையும் அடங்காத காலும்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை ஒட்டிச் செங்கம் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் அறை எடுத்துத் தங்குகிறவர்களில் பலர் சும்மா இருப்பதற்கென்றே வந்தவர்கள். சமாதி மண்டபத்திலோ பழைய கூடத்திலோ கண்ணை மூடி அசையாமல் உட்கார வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அவர்களில் சிலருக்கு, உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே கெண்டைக்காலுக்குள் ஒரு நமைச்சல் கிளம்புகிறது. தோலில் தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. சொறிந்து பார்த்தால் அடங்குவதில்லை. அரிப்பு எலும்புக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறது. எழுந்து நாலு எட்டு வைத்தால் போய்விடுகிறது. திரும்ப உட்கார்ந்தால் திரும்ப வருகிறது. காலையில் தேவலை, சாயங்காலம் மோசம், படுக்கையில் அதைவிட மோசம்.

இவர்களுக்குச் சுற்றுவட்டாரத்தில் மூன்று யோசனைகள் கிடைக்கும். மருந்துக்கடை அரிப்பு மாத்திரை தரும். கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவர், மனசு அடங்கினால் உடம்பும் அடங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்பார். வீட்டுக்கார அம்மா எண்ணெய் தேய்த்துக் காலைப் பிடித்துவிடச் சொல்வார். நரம்பியல் மருத்துவர் வரை போனால் நான்காவதாக ஒரு மாத்திரை சேரும். நான்கையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது. ஒன்று கெடுதல், ஒன்று பாதி கெடுதல், ஒன்று கெடுதலில்லாதது, ஒன்று ஒரு காலத்தில் கொண்டாடப்பட்டுப் பின்னால் இறக்கிவைக்கப்பட்டது. முதலில் செய்திருக்க வேண்டிய ஐந்தாவதோ பெரும்பாலும் யார் வாயிலும் வருவதில்லை.

முதலில் நோய் இதுதானா என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672இலேயே இதை விவரித்துவிட்டார். ஸ்வீடனின் கார்ல் ஆக்செல் எக்பம் 1945இல் இதை முழுமையாக ஆராய்ந்து ‘அமைதியற்ற கால்கள்’ என்று பெயரிட்டார். காலை அசைக்கத் தூண்டும் அடக்க முடியாத உந்துதல், ஓய்வில் அது கூடுவது, அசைத்தால் குறைவது, மாலையிலும் இரவிலும் மிகுவது ஆகிய நான்கும் சேர்ந்திருக்க வேண்டும். வேறு காரணம் இருக்கவும் கூடாது. உந்துதலோடு வரும் உணர்வைச் சிலர் குடைச்சல் என்பார்கள், சிலர் எறும்பு ஊர்வதாகச் சொல்வார்கள், சிலர் அரிப்பு என்பார்கள்.

அரிப்பு என்று சொல்கிறவர்களிடம்தான் தவறு நேர வாய்ப்பு அதிகம். இரவில் அரிப்பது எல்லாம் இந்த நோய் அல்ல. விரலிடுக்கிலும் இடுப்பிலும் அரித்து, வீட்டில் இன்னொருவருக்கும் அரித்தால் அது சிரங்கு. கணுக்கால் பக்கம் தோல் கறுத்து, ரத்தநாளம் சுருண்டு புடைத்திருந்தால் ரத்தநாளக் கோளாறு. உள்ளங்கால் எரிந்து மரத்துப்போய், நடந்தாலும் குறையாவிட்டால் சர்க்கரை நோயின் நரம்புப் பாதிப்பைத் தேட வேண்டும். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குத் தோலரிப்பும் அமைதியற்ற கால்களும் சேர்ந்தே இருக்கக்கூடும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இந்தக் கால் தொல்லை சகஜம், பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் போய்விடும். ஆனால் கர்ப்பிணிக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால் அது கல்லீரல் கோளாறாக இருக்கலாம், தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு: சொறிந்தால் சுகமா, நடந்தால் சுகமா? நடந்தால்தான் சுகம் என்றால் தோல் மருந்துக்கு அங்கே வேலை இல்லை.

அப்படியிருந்தும் முதலில் கைக்கு வருவது அவிலும் சிபிஎம்மும்தான். ஃபெனிரமின், குளோர்ஃபெனிரமின் ஆகிய இந்தப் பழைய தலைமுறை மருந்துகள் மூளைக்குள் போகின்றன. தூக்கம் தருவதும் அதனால்தான். அமைதியற்ற கால்கள் உள்ளவருக்கு இவை தொல்லையைக் கூட்டுகின்றன. கண் சொருகுகிறது, கால் தூங்க விடுவதில்லை. இதற்கான ஆதாரம் பெரிய ஒப்பீட்டுச் சோதனைகளிலிருந்து வந்ததல்ல, மருத்துவர்கள் நோயாளிகளிடம் திரும்பத் திரும்பக் கண்டதிலிருந்து வந்தது. ஆனாலும் மருந்தை நிறுத்திப் பார்ப்பதில் இழப்பு ஏதுமில்லை, தொடர்வதில் இருக்கிறது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இவ்வகை மருந்துகளை முதலில் கவனித்து விலக்கச் சொல்கிறது. சளி மாத்திரை, இருமல் மருந்து பலவற்றிலும் இதே சரக்கு ஒளிந்திருக்கிறது. வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகள் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. மனச்சோர்வு மருந்தை மட்டும் யாரும் தாமாக நிறுத்தக் கூடாது, எழுதித் தந்தவரிடம் பேச வேண்டும்.

அடுத்தது பொறுத்துக்கொண்டு உட்காரும் யோசனை. இதை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். இந்த ஊரில் அதற்கு ஒரு வலுவான முன்னுதாரணம் இருக்கிறது. 1896இல் திருவண்ணாமலைக்கு வந்த இளம் ரமணர் பெரிய கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்துக்குக் கீழே பாதாள லிங்கக் குகையில் உட்கார்ந்திருந்தபோது பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கின; அவர் அறியவில்லை. கால் நமைச்சலால் எழுந்து போகிறவருக்குள் இந்தக் காட்சி ஒரு குற்ற உணர்வை விதைத்துவிடுகிறது. அவருக்குத் தன் கால் நோயாகத் தெரியவில்லை, பக்குவக் குறைவாகத் தெரிகிறது.

ஆனால் அதே ரமணரின் பிற்கால வாழ்க்கையில் இன்னொரு சம்பவம் உண்டு. அவருடைய அடியவர் டி.கே. சுந்தரேச ஐயர் அதை எழுதிவைத்திருக்கிறார். கூடத்தில் ஓர் ஐரோப்பியப் பெண்மணி சம்மணமிட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்தார். பணியாளர் ஒருவர் மடக்கச் சொன்னார். அப்போது முட்டிவாதத்தால் தாமும் காலை நீட்டியிருந்த ரமணர், விதி எல்லாருக்கும் பொதுவல்லவா என்று தம் காலை மடக்கிக்கொண்டார். வேண்டாம் என்று மன்றாடியும் வலியோடு அப்படியே இருந்தார். தன் உடம்பைப் பொருட்படுத்தாதவர், அடுத்தவர் உடம்பின் மேல் விதியை ஏற்றுவதை ஒப்பவில்லை. ஆசனத்தை அவர் நிபந்தனையாக வைத்ததும் இல்லை. கிரிவலத்தை அவர் உயர்த்திப் பேசினார், 1926 வரை தாமே நடந்தார். பாதாள லிங்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இவற்றை விடுகிறவர் பாதி ரமணரைத்தான் எடுத்துக்கொள்கிறார்.

மருத்துவமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. ஓய்வில் கூடுவது என்பது இந்த நோயின் இலக்கணம். அசையாமல் இருந்து அதை வெல்லச் சொல்வது, நோயைத் தூண்டும் நிலையிலேயே ஆளைக் கட்டிவைப்பதாகும். யோகா உதவுகிறது என்று ஆய்வே இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பி.கே.எஸ். ஐயங்கார் வழியிலான மென்மையான யோகாவை வைத்துச் சிறிய ஆய்வுகள் நடந்தன, தொல்லை குறைந்ததாக முடிவு வந்தது. ஆனால் அது உடலை நீட்டி மடக்கும் பயிற்சி. அசையாமல் உட்காருவதற்கு அதைச் சான்றாக்க முடியாது. மனம் ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போது இந்த உணர்வு மங்குவது உண்மைதான். பலர் பாராயணத்தில் நன்றாக இருந்து, மௌனத்தில் தவிப்பதற்கு அது காரணமாகலாம். தியானம் நோயைப் பற்றிய பயத்தைத் தணிக்கும், நோயைத் தணிக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

எண்ணெயும் கால் பிடிப்பதும், வெந்நீரும், இறுக்கிக் கட்டுவதும் கெடுதல் இல்லாதவை. தோலுக்கும் தசைக்கும் வேறொரு உணர்வைக் கொடுத்தால் உள்ளே ஊறுவது சற்று நேரம் பின்வாங்குகிறது. அதற்குமேல் ஏதும் சொல்வதற்கு இந்த நோய் இடம் கொடுப்பதில்லை. இதன் மருந்து ஆய்வுகளில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் கணிசமானோர் தேறியதாகச் சொன்னார்கள். எனவே ‘எனக்குக் கேட்டது’ என்ற சாட்சி எந்தத் தைலத்துக்கும் போதாது, எந்தக் கம்பெனி மாத்திரைக்கும் போதாது.

கம்பெனி மாத்திரையின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மூளையின் சமிக்ஞை வேதிப்பொருளான டோபமைனைப் போலச் செயல்படும் ரோபினிரோல் என்ற மருந்துக்கு 2005இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்று அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பே, 2003 முதல், அதைத் தயாரித்த கிளாக்ஸோஸ்மித்கிளைன் இந்த நோயைப் பற்றிப் பத்திரிகைகளில் பரப்பத் தொடங்கியிருந்தது. மருத்துவ ஆய்வாளர்கள் ஸ்டீவன் வோலோஷினும் லிசா ஷ்வார்ட்ஸும் 2006இல் ‘பிளாஸ் மெடிசின்’ இதழில் அந்தச் செய்திகளை எடுத்து ஆராய்ந்து, லேசான தொல்லைகூட நோயாக ஊதப்படுவதாகவும் மருந்தின் பலன் மிகைப்படுத்தப்படுவதாகவும் எழுதினார்கள். இதைப் படித்த சிலர், நோயே விற்பனைக்காக உண்டாக்கியது என்ற முடிவுக்குப் போனார்கள். அந்த முடிவு தவறு. 1672இல் விற்க மாத்திரை இல்லை. தூக்கமில்லாமல் இரவு முழுக்க வராந்தாவில் நடக்கிறவரின் துன்பம் விளம்பரத்தால் வந்ததல்ல. ஆனால் மருந்தைப் பற்றிய அவ்விரு ஆய்வாளர்களின் சந்தேகத்துக்குக் காலம் வலுச்சேர்த்தது. ரோபினிரோலும் அதே வகையான பிரமிபெக்ஸோலும் முதல் மாதங்களில் அற்புதமாகக் கேட்கும். ஆண்டுகள் போகப்போகப் பலருக்குத் தொல்லை மாலையிலிருந்து மதியத்துக்கு நகரும், காலிலிருந்து கைக்கு ஏறும். மருந்தே நோயை வளர்க்கும். சூதாட்டம், கட்டுப்பாடில்லாத செலவு போன்ற உந்துதல்கள் சிலரிடம் தலைதூக்கும். 2025 வழிகாட்டுதல் இவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் சட்டென்று நிறுத்தக் கூடாது, மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

யாரும் முதலில் சொல்லாத ஐந்தாவது விஷயம் இரும்பு. மூளை டோபமைனைத் தயாரிக்க இரும்பு வேண்டும். இந்த நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரிலும், இறந்தபின் ஆராய்ந்த மூளைத் திசுக்களிலும் இரும்பு குறைந்திருந்ததைக் கண்டிருக்கிறார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இது நடக்கலாம். ஆகவே பார்க்க வேண்டியது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், அதோடு இரும்பின் செறிவைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன். உலக சுகாதார நிறுவனம் இரும்புக் குறைவு என்று எடுத்துக்கொள்ளும் எல்லை, பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் ஃபெரிட்டின். அமைதியற்ற கால்களுக்கு எல்லை வேறு: ஃபெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழே, அல்லது செறிவு 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பெரியவர்களுக்கு இரும்பு தர வேண்டும் என்கிறது அதே 2025 வழிகாட்டுதல். ஆய்வகத் தாளில் 25 என்று வந்து, பக்கத்தில் ‘இயல்பு’ என்று அச்சாகியிருந்தால் நோயாளியும் மருத்துவரும் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். சிகிச்சை அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. சைவச் சாப்பாட்டில் உள்ள இரும்பு உடம்பில் குறைவாகவே ஏறும். சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடித்தால் அதுவும் தடைபடும். ஆசிரமத்துப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு நேரே டீக்கடைக்குப் போகும் வழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போடலாம். இரும்புக் குறைவு, கால் தொல்லை இல்லாமலேயே, தடிப்பில்லாத தோலரிப்பையும் உண்டாக்கும். அரிப்பு மாத்திரை கேட்டுக் கடைக்கு வந்த பெண்ணின் இரண்டு தொல்லைகளுக்கும் வேர் ஒன்றாகவே இருக்கலாம்.

எதிர்வாதங்களும் உண்டு. வாய்வழி இரும்பு மாத்திரை எல்லாருக்கும் கேட்பதில்லை. வயிற்றைப் பிடிக்கும், பலன் தெரிய மாதக்கணக்காகும். ரத்தநாளம் வழி ஏற்றும் இரும்பான ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸுக்குத்தான் ஆதாரம் வலுவானது, ஆனால் செலவு அதிகம், ரத்தத்தில் பாஸ்பேட் குறையவும் கூடும். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். தலசீமியா கூறு உள்ளவருக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருந்தாலும் இரும்பு போதுமானதாக இருக்கலாம், அளவு மீறினால் கல்லீரலில் தங்கும். சித்த மருத்துவத்தின் அன்னபேதி செந்தூரம் இரும்புச் சரக்குதான், சோகைக்கு வழங்கிவருவதுதான். அதையும் ஃபெரிட்டினை அளந்து, மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பார்த்தே மதிப்பிட வேண்டும். இந்தத் தடைகள் எல்லாம் சோதித்துவிட்டுக் கொடு என்கின்றன. சோதிக்க வேண்டாம் என்று எதுவும் சொல்லவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. அரிப்பு மாத்திரையை நிறுத்துவதும் ஃபெரிட்டின் பார்ப்பதும் முதல் வாரத்து வேலை. நடை அதோடு சேர வேண்டும்: 2006இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், கால்களுக்கான பயிற்சியையும் நடையையும் 12 வாரம் செய்தவர்களுக்குத் தொல்லை குறைந்தது. தினமும் மிதமாக நடப்பதையே நான் சொல்கிறேன். பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரை ஒரே மூச்சில் முடிப்பது சிலருக்கு அன்றைய ராத்திரியையே கெடுத்துவிடும். இரும்பு நிரம்பிய பிறகும் தூக்கம் போகிறவர்களுக்குக் காபாபென்டின், பிரிகாபலின் ஆகிய மருந்துகள் இருக்கின்றன. தலைசுற்றல், மயக்கம் உண்டு. சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்கு அளவைக் குறைத்தே தர வேண்டும். தியானக் கூடங்களை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பின்வரிசையில் சுவரோரம் எழுந்து நிற்கவும் ஓசையின்றி நடக்கவும் ஓர் இடம் விடுங்கள், அங்கே நிற்பவரிடம் ஏன் என்று கேட்காதீர்கள்.