கூப்பிடு தூரத்து வானொலி

அலன் மொய்ல் இயக்கிய 'பம்ப் அப் த வொல்யூம்' 1990இல் வெளிவந்த படம். இளைஞர் கலகப் படம் என்ற வரிசையிலேயே அதை வைப்பது வழக்கம். அண்மையில் திரும்பப் பார்த்தபோது எனக்கு அது இடம்பெயர்ந்த ஒருவனின் கதையாகப் பட்டது. மார்க் என்ற பாடசாலை மாணவன் பெற்றோருடன் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலிருந்து அரிசோனாவுக்கு வந்து சேர்கிறான். புதிய இடத்தில் யாரோடும் பேச அவனுக்கு வாய் வருவதில்லை. விட்டுவந்த நண்பர்களோடு பேசட்டும் என்று பெற்றோர் ஒரு சிற்றலைக் கருவியை வாங்கிக் கொடுக்கிறார்கள். அதில் அந்த நண்பர்கள் எவரும் அகப்படவில்லை. அதனால் அவன் இரவு பத்து மணிக்கு, வீட்டு நிலவறையிலிருந்து, உரிமம் எதுவுமின்றி, பொய்ப்பெயரில், தான் வந்து சேர்ந்த ஊரோடு பேசத் தொடங்குகிறான்.

படத்தின் ஆதாரமான திருப்பம் இதுதான். விட்டுவந்த இடத்தை நோக்கி வைத்த வாய், வாழும் இடத்தை நோக்கித் திரும்புகிறது. இதை இரண்டு வசனங்களில் சொல்லிவிட்டுப் படம் கடந்துபோய்விடுகிறது.

படத்தின் மிகக் கனமான பகுதி மல்கம் என்ற மாணவனைப் பற்றியது. தான் சாகப்போவதாக அவன் கடிதம் எழுதுகிறான். மார்க் அவனைத் தொலைபேசியில் அழைத்து ஒலிபரப்பிலேயே பேசுகிறான். ஆனால் தடுக்கவேண்டிய வார்த்தையைச் சொல்லாமல் விடுகிறான். அன்றிரவே மல்கம் இறந்துபோகிறான். கேட்பவன் அதே ஊரில், அதே பாடசாலையில் இருக்கிறான். தேசிய வானொலி அறிவிப்பாளர் எவருக்கும் வராத பொறுப்பு, இந்தச் சின்னக் கருவிக்காரனுக்கு வருகிறது. இதைத் தொட்ட இயக்குநர் இதிலேயே நின்றிருக்க வேண்டும். அவரோ கெட்ட அதிபர், துரத்தும் அதிகாரிகள், ஓடும் ஜீப் என்று பழகிய பாதைக்குப் போய்விடுகிறார். மல்கமின் மரணம் கதாநாயகன் வளர்வதற்கான எருவாகிறது. கடைசிக் கணங்களில் நாடெங்கும் புதுப்புதுக் குரல்கள் ஒலிக்கின்றன. அதுவரை பேசியது ஒருவன். மற்றவர்கள் கேட்டார்கள், கடிதம் எழுதினார்கள். இது பெரிய வானொலியின் அமைப்பேதான், அளவுதான் சிறிது.

இந்த அமைப்பையே கேள்விக்குள்ளாக்கியவர் யப்பானிய ஊடக விமர்சகர் தெத்சுவோ கொகாவா. நூறு மீற்றர் தொலைவில் பதினைந்து மைக்ரோவோல்ற்றுக்கு மேற்படாத அலைக்கு உரிமம் வேண்டியதில்லை என்று அந்நாட்டுச் சட்டத்தில் ஓர் இடுக்கு இருந்தது. அதற்குள் நுழைந்து, அவரைச் சூழ்ந்த இளைஞர்கள் 1983இல் ரோக்கியோவின் ஷிமோகிதசாவாவில் 'ரேடியோ ஹோம் றன்' என்ற நிலையத்தைத் தொடங்கினர். அதன் அலை ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் போகும். அதாவது கேட்டுக்கொண்டிருப்பவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே வந்து ஒலிவாங்கியின் முன் அமரக்கூடிய தூரம். நம் மொழியில் இதற்குக் 'கூப்பிடு தூரம்' என்ற அளவை உண்டு. சக்திக் குறைவை ஒரு குறையாகக் கருதாமல், ஒலிபரப்பின் இலக்கணமாகவே கொண்டதுதான் கொகாவாவின் பங்களிப்பு.

இதைக் கலைஞர்களின் விளையாட்டு என்று ஒதுக்கலாம். கோபே நகரம் ஒதுக்கவிடாது. 1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நகரின் நகாதா பகுதியில் கொரியர்களும் வியட்நாமிய அகதிகளும் கணிசமாக வாழ்ந்தார்கள். தண்ணீர் எங்கே, எந்த அலுவலகம் திறந்திருக்கிறது என்ற அறிவித்தல்கள் யப்பானிய மொழியில் வந்தன. கொரியர்களுக்கு இன்னொரு அச்சமும் இருந்தது. 1923 நிலநடுக்கத்தின்போது அவர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்தார்கள் என்ற வதந்தியை நம்பியே ஆயிரக்கணக்கானோரைக் கொன்றார்கள். 1995 ஜனவரி முடிவதற்குள் ஒரு சிறு கருவியைக்கொண்டு, உரிமமின்றி, 'எப்.எம். யோபோசெயோ' பேசத் தொடங்கியது. தொலைபேசியை எடுத்ததும் கொரியர் சொல்லும் 'ஹலோ'தான் யோபோசெயோ. சில மாதங்களில் வியட்நாமியருக்கும் பிறருக்குமாக 'எப்.எம். யூமென்' வந்தது. இரண்டும் இணைந்து 'எப்.எம். வைவை' ஆகி, 1996 ஜனவரி 17இல் உரிமமும் பெற்றன. 2016இல் அந்த நிலையம் வானலையை விட்டு இணையத்துக்கு மாறியது.

உரிமமே தேவையில்லை என்று நான் வாதிடவில்லை. எப்.எம். அலைவரிசையின் மேல்விளிம்பை ஒட்டியே விமானங்களின் தொடர்பலைகள் இருக்கின்றன. ஒழுங்கற்ற கருவி அங்கே சிந்தினால் விளையாட்டு வினையாகும். எல்லாக் குரலுக்கும் இடம் போதாது என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பற்றாக்குறை நெடுந்தூரம் பேச விரும்புபவர்களால் வருவது. வெட்டவெளியில் இருமடங்கு தூரம் போக நான்கு மடங்கு சக்தி வேண்டும்; அந்தப் பரப்பெல்லாம் மற்றவர் வாயடைக்க வேண்டும்.

இனி எங்களிடம் வருவோம். புலம்பெயர் தமிழ் வானொலிகள் பலவும் மார்க்கின் பெற்றோர் வாங்கிக் கொடுத்த கருவியைப் போலவே இயங்கிவந்திருக்கின்றன. முகம் ஊரை நோக்கியே இருக்கும். அது தவறல்ல. ஊரில் குண்டு விழுந்த இரவுகளில் எங்களுக்கு வேறு எதைக் கேட்கவும் மனம் இருந்ததில்லை. ஆயினும் அடுத்த மாடியில் இரவுவேலை முடிந்து வந்து தனியே இருக்கும் பெடியனுக்கு நாங்கள் எந்த அலையில் பேசினோம்? அவன் பெயர் மரண அறிவித்தலில் வந்தபிறகே அவன் எங்கள் தெருவில் இருந்தான் என்று அறிந்த சந்தர்ப்பங்கள் உண்டு. செய்மதியும் இணையமும் எங்கள் குரலைக் கண்டங்கள் தாண்டிக் கொண்டுபோகின்றன. மல்கமுக்குச் சொல்லாமல் விட்ட வார்த்தைக்கு அவ்வளவு தூரம் தேவைப்படவில்லை. அரைக் கிலோமீற்றர் போதும்.