ஏலத்துக்கு முந்தைய பேச்சு
நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலத்தில், கணினித் திரையைவிட எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய நேரம். போடிநாயக்கனூரில் ஒவ்வொரு லாட்டின் மாதிரியும் வியாபாரிகள் கைக்கு வரும். பச்சை மங்காமல் இருக்கிறதா, 8 மில்லிமீட்டர் தேறுமா, ஓட்டுக்குள் விதை கறுத்துத் திரண்டிருக்கிறதா? விரல்தான் முதலில் பார்க்கும். கூடவே பேச்சும் நடக்கும்.

"மலைக்கு மேல மழை எப்படிண்ணே?"

"வடக்கே தீபாவளிக்குக் கேக்குறாங்களா?"

சற்று நேரத்தில் விலையில் மோதப்போகிறவர்கள், மழையையும் வரத்தையும் பகிர்ந்துகொள்வது அருமையான பண்பு. 2019 ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அப்படிப்பட்ட காலத்தில் சக வியாபாரியின் ஒரு சொல்லுக்கு மதிப்பு அதிகம். திரை வந்த பிறகும் இந்தப் பேச்சுதான் போடிச் சந்தையின் உயிர்.