அகமே புறமா? வ.உ.சி.யின் தமிழாக்கங்களைப் பற்றிச் சில எண்ணங்கள்

வ.உ.சிதம்பரனாரைச் செக்கோடும் கப்பலோடும் சேர்த்து நினைப்பதே நம் வழக்கம். 1961இல் வெளிவந்த திரைப்படமும் அவ்விரண்டையுமே நம் மனத்தில் ஊன்றிச் சென்றது. செக்கிழுத்த கை எழுதுகோலையும் பிடித்திருந்தது என்பதை அறிந்தோர் குறைவு. ஒருவன் தன்னைத் தானே திருத்திக்கொள்வது எவ்வாறு என்று கூறும் நூல்கள் இன்று மலிந்து கிடக்கின்றன. அவ்வகை நூல்களைத் தமிழுக்குக் கொணர்ந்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். அவருடைய தமிழாக்கங்களுள் இரண்டினை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை சொல்வது எவ்வளவுக்கு நிற்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூல ஆசிரியர் ஜேம்ஸ் ஆலன். 1864இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்தவர். தந்தை பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்று அங்கே கொலையுண்டார். பதினைந்து வயதில் பள்ளியை விட்டுவிட்டு வேலைக்குச் சென்ற ஆலன், பல ஆண்டுகள் நிறுவனங்களில் செயலாளராகக் கடிதம் எழுதிப் பிழைத்தார். என்னைப் போன்ற எழுத்தர் இனத்தவர் என்பதனால் அவரிடம் எனக்குத் தனிப் பரிவு உண்டு. அதனை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவர் 1903இல் எழுதிய ‘ஆஸ் எ மேன் திங்கெத்’ என்னும் சிறு நூலே வ.உ.சி.யின் கையில் ‘மனம் போல வாழ்வு’ ஆயிற்று.

அது வெளிவந்த ஆண்டு 1909. அதற்கு முந்திய ஜூலை மாதம் 7ஆம் நாளில்தான் திருநெல்வேலி நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்திருந்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் விடுதலையானார். இடையே கோவைச் சிறையில் செக்கு; பின்னர்க் கண்ணூர்ச் சிறை. அவர் உள்ளே இருந்த காலத்திலேயே, 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியும் கலைக்கப்பட்டது. இத்தகைய நிலையில் இருந்த ஒருவர், ‘உன் சூழ்நிலை உன் எண்ணத்தின் விளைவே’ என்னும் கருத்தினைக் கொண்ட நூலைத் தமிழாக்கினார். இதனைக் கடந்து செல்ல என்னால் இயலவில்லை.

பெயர் சூட்டுவதிலேயே அவருடைய புலமை விளங்குகிறது. மூலத்தின் தலைப்பு விவிலியத்தின் நீதிமொழிகளிலிருந்து எடுக்கப்பட்டது. ஆங்கிலேய வாசகனின் செவியில் மறையின் ஒலியாக விழுவது. வ.உ.சி. அதனை நேராகப் பெயர்க்காமல், ‘மனம் போல மாங்கல்யம்’ என்று நம் வீட்டுப் பெண்டிர் வாழ்த்தும் வாய்மொழியின் மேல் ஏற்றினார். அயல்நாட்டுக் கருத்து நம் திண்ணையில் அமர்ந்துகொண்டது. ஆயின் வாழ்த்து வேறு, விதி வேறு. மணமகளை நோக்கி மனம் போல அமைக என்பது வாழ்த்து. அமையாதபோது உன் மனமே காரணம் என்பது தீர்ப்பு. தலைப்பின் இனிமையில் இவ்வேறுபாடு மறைந்துபோகிறது.

அந்நூலின் ஏழு பகுதிகளுள் இரண்டாவது, சூழ்நிலைகளின்மேல் எண்ணம் செலுத்தும் ஆற்றலைக் கூறுவது. அங்கே ஆலன் மூவரை எடுத்துக்காட்டுகிறார். ஒருவன் வறியவன், முதலாளியை ஏய்த்து வேலையைத் தட்டிக்கழிப்பவன். மற்றவன் செல்வன், மிகையுண்டியால் நோயுற்றும் உணவைக் குறைக்க மனமில்லாதவன். மூன்றாமவன் முதலாளி, தொழிலாளரின் கூலியைக் குறைத்து இலாபம் தேடி, முடிவில் நொடித்துப்போய்ச் சூழ்நிலையை நொந்துகொள்பவன். ஏழையை மட்டும் குற்றவாளியாக்காமல் முதலாளியையும் கூண்டில் ஏற்றியது ஆலனின் நேர்மை. அதனைப் பாராட்டத்தான் வேண்டும். எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அம்மூன்றாமவனால் கூலி குறைக்கப்பட்ட தொழிலாளி எங்கே? அவனுடைய வறுமை எவனுடைய எண்ணத்தின் விளைவு? அவன் நான்காமவனாக அந்தப் பக்கத்தில் தோன்றவேயில்லை. பிறிதோரிடத்தில், ஒடுக்குவோனும் ஒடுக்கப்படுவோனும் அறியாமையில் கூட்டாளிகள் என்னும் கருத்தை ஆலன் சொல்லிச் செல்கிறார். இதனைத் தமிழாக்கியவர் யார் என்பதை நினைத்துப் பாருங்கள். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலையில் தொழிலாளரை வேலைநிறுத்தத்தில் வழிநடத்தி வெற்றி கண்டவர் அவர். அவர் சிறைப்பட்டது அதற்கு அடுத்த மாதம்.

நூலாராய்ச்சியாக மட்டும் இதனை நான் எழுதவில்லை. என் தந்தையார் நெல்லைச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்து பரேல் பகுதியில் ஓர் ஆலையில் பணிபுரிந்தவர். 1982 ஜனவரி 18ஆம் நாள் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் கலந்துகொண்டதையும், அவர்களுள் மிகப் பலர் மீண்டும் தறியருகே நிற்கவேயில்லை என்பதையும் இந்நகரத்து வாசகர்க்கு நான் சொல்லவேண்டியதில்லை. என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். அவர் வைத்திருந்த சில புத்தகங்களுள் ‘மனம் போல வாழ்வு’ ஒன்று. இரண்டாம் பகுதியின் ஓரத்தில் பென்சிலால் அவர் எழுதிய ஒரு வரி இன்றும் மங்காமல் இருக்கிறது: “அப்படியென்றால் கம்பெனி ஏன் முழுகியது?” எந்தக் கம்பெனி என்று அவர் குறிக்கவில்லை. கப்பல் கம்பெனியா, தம் ஆலையா என்று நானும் கேட்டதில்லை. கப்பல் வாங்கும் பொருட்டு வ.உ.சி. வந்திறங்கிய ஊர் இந்தப் பம்பாய்தான். ‘காலியா’ என்னும் கப்பலோடு தூத்துக்குடி மீண்டார். அவரிடம் உறுதியான எண்ணம் இல்லையென்று எவர் சொல்லத் துணிவார்?

திருவள்ளுவர் இவ்விடத்தில் ஆலனைவிட எச்சரிக்கையுடையவர். அறத்துப்பாலின் இறுதியில், 38ஆம் அதிகாரமாக ஊழை வைத்து, அதனினும் வலியது எது என்று வினவுகிறார். 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையிலோ, சோர்வின்றி முயல்வோர் ஊழையும் புறங்காண்பர் என்கிறார். முரண்போலத் தோன்றும் இவ்விரண்டில் ஒன்றை அவர் மற்றொன்றிற்காக விட்டுக்கொடுக்கவில்லை. மேலும், முயற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னரே 47ஆம் அதிகாரம் தொடங்கி, செயலைத் தெரிதல், வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கினை வரிசையாக வைத்துவிடுகிறார். ‘மனம் போல வாழ்வு’ நூலிலே நோக்கத்திற்கு ஒரு தனிப் பகுதி உண்டு. அதில் ஒரு பொன்னான கருத்தும் உண்டு: பெருநோக்கம் கொள்ளும் அளவுக்கு இன்னும் முதிராதவன், கையிலுள்ள சிறு கடமையைப் பழுதறச் செய்வதில் மனத்தைச் செலுத்துக என்பது. ஆயினும் காலமும் இடமும் அங்கே இல்லை. காலையில் ஒன்றரை மணி, மாலையில் ஒன்றரை மணி மின்ரயிலில் தொங்கிக்கொண்டு செல்பவனுக்கு இடனறிதல் இல்லாத அறிவுரை எத்தனை நாள் உதவும்?

உதவவில்லை என்பதற்கு நானே சான்று. இலாகாத் தேர்வில் இருமுறை தவறிய ஆண்டில் இந்நூலைப் படித்துக் கிளர்ச்சியுற்று, ஜனவரி முதல் நாளில் பதினொரு தீர்மானங்களை நாட்குறிப்பில் எழுதினேன். விடியலில் எழுதல், சினம் தவிர்த்தல், சிக்கனம், இந்தியில் தேர்ச்சி, இன்னும் என்னென்னவோ. பொங்கலுக்குள் பதினொன்றும் பொங்கி வழிந்துவிட்டன. அவற்றுள் எது முதல், எது அடுத்தது என்ற எண்ணமே எனக்குத் தோன்றவில்லை. குறை என்னுடையதே, எனினும் நூலும் அதனை எனக்கு உணர்த்தவில்லை.

அக்குறையைத் தீர்ப்பது 1914இல் வெளிவந்த ‘அகமே புறம்’. புகழில் முன்னதற்கு இளையது. பயனில் மூத்தது என்பது என் கருத்து. ஆலனின் மூலம் இங்கே திருத்தத்திற்கு ஓர் ஏணி கட்டுகிறது. முதற்படி மனமன்று, உடம்பு. சோம்பலை விடுதல், அடுத்து மிகையுண்டியை விடுதல். அதன்பின் நாக்கு: புறங்கூறல், வீண்பேச்சு, கடுஞ்சொல் முதலியவற்றை ஒவ்வொன்றாகக் களைதல். கடமை, நேர்மை, பொறுத்தல் ஆகியவை இவற்றிற்கும் மேலே நிற்பவை. விடியலில் எழ மாட்டாதவன் மன்னிக்கும் குணத்தை வளர்க்கப் புறப்படுவது அடித்தளமில்லாமல் மாடி கட்டுவது என்பதே இதன் உட்பொருள். மடியின்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்து, புறங்கூறாமையையும் பயனில சொல்லாமையையும் அடுத்தடுத்து வைத்த குறளில் தோய்ந்தவர் வ.உ.சி.; 1917இல் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தவர். இவ்வேணி அவருக்கு அயலாகத் தோன்றியிராது.

தலைப்பில் மட்டும் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு புறத்திணையையும் ஓர் அகத்திணையோடு இணைக்கிறது. வெட்சிக்குக் குறிஞ்சி என்பது போல. இணைக்கிறதேயன்றி இரண்டையும் ஒன்றாக்கவில்லை. பின்னாளில் இளம்பூரணத்தைப் பதிப்பித்த வ.உ.சி. இதனை அறியாதவரல்லர். அறிந்தும், ஓர் ஏகாரத்தை இட்டு இரண்டையும் ஒன்றாக்கினார். சிறையிலிருந்து வெளிவந்தபின் வழக்கறிஞர் உரிமமும் செல்வமும் இழந்து, சிறு கடைகள் வைத்து வறுமையில் உழன்ற நாட்களில் வெளிவந்த நூல் இது. புறம் முழுவதும் பறிக்கப்பட்டவர்க்கு அகம் ஒன்றே எஞ்சியிருந்தது என்று கொண்டால் அந்த ஏகாரம் விளங்குகிறது. கோட்பாடாக அன்று, பற்றுக்கோடாக. அவருக்கு மீண்டும் உரிமம் கிடைக்கச் செய்தவர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி. அந்நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டவர் வ.உ.சி. புறத்திலிருந்து வந்த உதவியை அவர் தம் எண்ணத்தின் விளைவு என்று கணக்கெழுதிக்கொள்ளவில்லை.

‘அகமே புறம்’ என் தந்தையாரிடம் இல்லை. அது பின்னர் நான் வாங்கியது. அதில் வைகறையில் எழுவதைப் பற்றிய பகுதியைப் படித்தபோது அவர் நினைவே வந்தது. ஆலை போனபின் என் தாயாரோடு சேர்ந்து வீட்டிலேயே இட்டலி அவித்து, வீடுகளுக்கும் இரண்டு அலுவலகங்களுக்கும் கொடுத்துவந்தார். பதினாறு ஆண்டுகள், மழையிலும் காய்ச்சலிலும், நான்கு மணிக்கு எழாத நாளில்லை. அத்தனை உறுதி எங்கிருந்து வந்தது, அந்தப் புத்தகத்திலிருந்தா என்று ஒருமுறை கேட்டேன். கேள்வியே விளங்காதவர் போல என்னைப் பார்த்தார்.

“எந்திரிக்கலேன்னா மாவு புளிச்சிரும்லா?” என்றார்.