அகப்பாட்டிற் கேட்கும் தாயின் குரல்

சங்க இலக்கியத்தின் அகப்பகுதியைக் காதற்பாட்டு என்று ஒரு சொல்லாற் கூறி அமைவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. காதல் என்றவுடன் தலைவன் ஒருவனும் தலைவி ஒருத்தியுமே நம் மனக்கண்முன் நிற்கின்றனர். ஏனையோரை அவ்விருவரையும் சேர்த்தற்கோ தடுத்தற்கோ அமைந்த துணைமாந்தர் என்று எண்ணி, அவர்தம் கூற்றுக்களை விரைந்து கடந்து செல்கின்றோம். குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு, ஐங்குறுநூறு, கலித்தொகை என்னும் ஐந்து தொகைகளையும் அவ்வாறு படிப்போர் இழக்கும் பொருள் சிறிதன்று. செவிலியும் நற்றாயும் பேசும் பாடல்களை ஒருங்கு வைத்து நோக்கின், பண்டைப் புலவர் காதலை இருவர்க்கே உரிய உடைமையாகக் கொண்டிலர் என்பதும், அதனால் இழப்பெய்தும் இல்லத்தையும் அதன் பகுதியாகவே கருதினர் என்பதும் புலனாகும். அதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

அகத்திணை மாந்தருக்கு இயற்பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. யார் பேசலாம், யார் பேசலாகாது என்பதற்கும் அவர் வரையறை கூறினார். நற்றாய்க்கும் செவிலிக்கும் கூற்று உண்டு. தந்தைக்கும் தமையனுக்கும் இல்லை. அவர்கள் கூறியனவாகப் பிறர் எடுத்து மொழிதலே உண்டு. ஆகவே, பெண்ணைப் பெற்ற குடியின் உள்ளம் முழுவதும் தாயரின் வாய்வழியாகவே நமக்கு வெளிப்படல் வேண்டும். இவ்வரையறை தாயரின் குரலுக்கு ஒரு தனிச்சுமையைத் தந்துவிடுகின்றது.

அத்தாயை நாம் மூன்று நிலைகளிற் காண்கின்றோம். முதலாவது நிலை காவல். களவொழுக்கத்தைப் பாடும் செய்யுட்களில், மகளை இற்செறிப்பவளும், இரவில் உறங்காதிருப்பவளும், மகளின் மெலிவுகண்டு வேலனை அழைப்பவளும் அன்னையே. ஆயின், இவற்றைப் பெரும்பாலும் தலைவியும் தோழியுமே நமக்குக் கூறுகின்றனர். குற்றம் சாட்டுவோரின் வாய்மொழியாகவே இந்நிலையில் அன்னையை அறிகின்றோம் என்பது ஈண்டு நோக்கற்பாலது. அவ்வாய்மொழியினூடேயும் சிற்சில வேளைகளில் வேறோர் அன்னை தோன்றிவிடுகின்றாள். நற்றிணையின் 172ஆம் பாட்டில், தலைவியர் சிறுமியராய் விளையாடுங்கால் மணலிற் புதைத்த விதை புன்னையாய் முளைத்தது என்றும், அப்புன்னை அவர்க்கு உடன்பிறந்தாள் ஆகும் என்று அன்னை கூறினாள் என்றும் தோழி உரைக்கின்றாள். ஆதலின் அதன் நிழலில் தலைவனோடு நகையாட நாணுகின்றார்களாம். மரத்தையும் மகளாக எண்ணும் ஒருத்தியின் இயல்பை இச்செய்தி காட்டிவிடுகின்றது.

இரண்டாவது நிலை இழப்பு. மகள் தலைவனுடன் போயினாள். இதுகாறும் பிறர் வாயிலாகவே அறியப்பட்டவள் இப்பொழுது தானே வாய்திறக்கின்றாள். ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் ஓதலாந்தையார் இதற்கென ஒரு பத்தினையே அமைத்துள்ளார். அவற்றுள் 375ஆம் பாட்டில் தாய் மகளின் பாவையையும் கிளியையும் பூவையையும் ஒவ்வொன்றாகக் கண்டு கலங்குகின்றாள். ஆசிரியர் பெயர் அறியப்படாத நற்றிணை 184ஆம் பாட்டில், ஒரே மகளைப் பெற்றவள் தன்னை ஆற்றியிருக்கச் சொல்லும் மகளிரிடம் எவ்வாறு ஆற்றுவது என்று வினவுகின்றாள். கண்ணின் மணியினுள் உறையும் பாவை வெளிவந்து நடைபயின்றாற் போன்றவள் அவள் மகள். அம்மகள் விளையாடிய நொச்சியும் திண்ணையும் வெறிதே கிடக்கின்றன. வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகை 44ஆம் பாட்டிலோ, செவிலி வீட்டில் இருந்து அழவில்லை. சுரத்திடை நடந்து நடந்து கால் ஓய்ந்து, எதிர்வருவோரைப் பார்த்துப் பார்த்துக் கண்ணும் ஒளியிழந்து நிற்கின்றாள். வானத்து மீனினும் மிகுதியான பிறர் இவ்வுலகில் உளர்; தான் தேடும் இருவரை மட்டும் காணவில்லை.

இப்பாடல்களிற் காணப்படாத ஒன்றை நாம் கருதுதல் வேண்டும். குடிக்கு நேர்ந்த பழியை எண்ணி மகளை வெறுத்தொதுக்கும் சொல் இவற்றில் இல்லை. தாயின் நினைவு மகளின் அடி சுரத்தைத் தாங்குமோ, அவள் பழகிய பொருள்கள் என்னாகும் என்பவற்றையே சுற்றுகின்றது. முன்னர்க் காவல் புரிந்த கடுமையும் இப்பொழுது புலம்பும் மென்மையும் ஒரே அன்பின் இருபுறங்கள் என்பதை நாம் அப்பொழுதே உணர்கின்றோம்.

இவ்வழுகைக்கு அறிவு கூறும் விடையும் உண்டு. கலித்தொகையின் பாலைக்கலியில், மகளைத் தேடிச் செல்லும் செவிலி வழியில் அந்தணரைக் கண்டு வினவுகின்றாள். சந்தனம் பிறந்த மலைக்குப் பயன்படுவதில்லை. முத்தம் பிறந்த கடலுக்குப் பயன்படுவதில்லை. இன்னிசை பிறந்த யாழுக்குப் பயன்படுவதில்லை. நும் மகளும் நுமக்கு அத்தகையளே என்று அவர் தேற்றுகின்றனர். 1887ஆம் ஆண்டிலே நம் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையை அச்சேற்றிய நாள்தொட்டு, அறிஞர் பலரும் வியந்து பாராட்டிய பகுதி இது. அவ்விடையில் தவறேதும் இல்லை. ஆயின், செவிலி அதற்கு என்ன மறுமொழி கூறினாள் என்பதைப் புலவர் கூறவில்லை. அந்தணரின் சொல்லோடு பாட்டு முடிகின்றது. அறிவு ஒப்பிய ஒன்றை உள்ளமும் ஒப்புதற்குக் காலம் வேண்டும் என்பதை அம்முடிவு குறிப்பாற் புலப்படுத்துகின்றது என்பது எம் கருத்து.

பாவையும் கிளியும் நொச்சியும் பல பாடல்களிற் பயின்று வருதலின், இவை வெறும் மரபு அன்றி உண்மை உணர்ச்சி ஆகா என்று கூறுவாரும் உளர். மரபு என்பது உண்மையே. ஒப்பாரிக்கும் மரபு உண்டு; அதனால் அழுகை பொய்யாகிவிடாது. பலர்க்கும் பொதுவான பொருளைக் கொண்டு ஒருத்தியின் துயரை மட்டும் எவ்வாறு உரைத்தார் என்பதே புலவரை அளக்கும் கோல். பொருள்களைச் சுட்டிச் சுட்டிப் புலம்புவது ஐங்குறுநூற்றுத் தாய். வினவி நிற்பது நற்றிணைத் தாய். நடந்து ஓய்வது குறுந்தொகைச் செவிலி. மூவரும் ஒருவரல்லர்.

மூன்றாவது நிலை காட்சி. மணம் நிகழ்ந்தபின் செவிலி மகளின் மனைக்குச் சென்று கண்டு வந்து நற்றாய்க்குக் கூறுகின்றாள். கூடலூர் கிழாரின் குறுந்தொகை 167ஆம் பாட்டில், தயிரைப் பிசைந்த விரலை உடுத்த ஆடையிலே துடைத்து, தாளிப்பின் புகை கண்ணில் நிறையத் தானே சமைக்கின்றாள் மகள். கணவன் இனிது என்று உண்கின்றான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கின்றது. போதனாரின் நற்றிணை 110ஆம் பாட்டில், பொற்கலத்தில் ஏந்திய தேன்கலந்த பாலை உண்ண மறுத்துச் செவிலியர் தளரும்படி ஓடியவள், இன்று கணவன் குடி வறுமையுற்றபோது தந்தையின் வளமான சோற்றை நினையாது, ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்கின்றாள். இந்த அறிவை எங்குக் கற்றாள் என்று தாய் வியக்கின்றாள். பேயனாரின் ஐங்குறுநூறு 401ஆம் பாட்டில், மான்குட்டியை இடையிற் கொண்ட மான்களைப் போலப் புதல்வனை நடுவே கிடத்திக் கணவனும் மனைவியும் கிடக்கும் காட்சியைச் செவிலி கண்டு மகிழ்கின்றாள்.

இப்பாடல்களை எழுப்பியது மணவீட்டின் செல்வம் அன்று. ஒன்றில் உள்ளது அழுக்கேறிய ஆடை. மற்றொன்றில் உள்ளது பசி. அவற்றைக் கண்ட பின்னரும் தாயின் உள்ளம் நிறைகின்றது. அந்தணரின் நல்லுரைக்குப்பின் பாட்டிற் கேளாத மறுமொழியை, மகளின் முகத்திற் கண்ட ஒரு சிறு மலர்ச்சி தந்துவிடுகின்றது. காதல் நிறைவுறுவது இருவர் கூடிய அன்று மட்டும் அன்று. இழந்த இல்லம் அதனைக் கண்டு உளமார ஒப்பிய அன்றேயாம்.

இதிலே ஒரு குறையும் உண்டு. தந்தையின் துயரை நாம் அவன் வாயாற் கேட்பதேயில்லை. தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் அறத்தொடு நிற்பர் என்று இலக்கணம் செய்தியின் வழியை வகுத்தது. அச்செய்தி சென்று சேர்ந்த இடத்தில் மௌனமே நிலவுகின்றது. அம்மௌனத்துள் சினம் இருந்ததோ கண்ணீர் இருந்ததோ என்பது புலவர் நமக்குத் தாராத பொருள்.

மாணவர் இப்பாடல்களைத் திணை, துறை, கூற்று என்று பெயரிட்டு, தேர்வுக்கு வேண்டிய அளவில் நிறுத்திவிடுகின்றனர். துறைக்குறிப்பு வாயில் மட்டுமே; வாயிலில் நின்று மீள்பவர் வீட்டைக் கண்டவர் ஆகார். அன்னையைக் காவலாக மட்டும் கண்டு குறை கூறும் இளமையில் இவற்றைப் படிக்கத் தொடங்குகின்றோம். அவள் பேசும் பாடல்களையும் அக்காலத்திலேயே படித்துவிடின், நம் இல்லங்களில் நமக்காக உறங்காதிருப்போரை அறிந்துகொள்ள முதுமை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.