பாதியாகிவிட்ட பெயர்

விசுவநாதன்–ராமமூர்த்தி என்னும் இரட்டைப் பெயரை விசுவநாதன் என்று சுருக்கிச் சொல்லும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. நம் விழாக்களில் மெல்லிசைக் குழுவினர் பழைய பாடல்களை இசைக்கும்போதும் அந்த ஒரு பெயரே ஒலிக்கிறது. நாமும் வாளாவிருந்து கைதட்டுகிறோம்.

திருச்சியில் பிறந்த டி. கே. ராமமூர்த்தி (1922–2013) அடிப்படையில் வயலின் கலைஞர். சி. ஆர். சுப்புராமனின் குழுவில் வாசித்தவர். 1952இல் சுப்புராமன் மறைந்தபோது, குறையாக நின்ற 'தேவதாஸ்' பணியை உடனிருந்த இவ்விருவரும் முடித்துக் கொடுத்தனர். 'பணம்' (1952) தொடங்கி 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) வரை அந்த இணை நிலைத்தது. எந்த மெட்டு எவருடையது என்று இன்று பிரித்துக் காட்ட முனைவது, பாலில் கலந்த நீரைத் தேடுவது போன்றதே.

பிரிந்தபின் ராமமூர்த்தி தனித்து இசையமைத்த படங்கள் இருபதைக்கூட எட்டவில்லை. இதைக் கொண்டு அவரை எடைபோடுவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. 'மறக்க முடியுமா?' (1966) படத்தில், மு. கருணாநிதி எழுதிப் பி. சுசீலா பாடிய 'காகித ஓடம்' ஒன்று போதும். வறுமையின் அவலத்தைச் சொல்லும் அப்பாடலில் மெட்டு எங்கும் ஓலமிடுவதில்லை. குரலுக்கு இடம்விட்டு வாத்தியங்கள் ஒதுங்கி நிற்கின்றன. அடுத்த ஆண்டே 'நான்' படத்தில் துள்ளலும் குறும்பும்! தனித்து அமைத்தவை யாவும் இத்தரத்தன அல்ல என்பதையும் ஒப்புகிறோம். ஆனால் துணைவாத்தியக்காரராக மட்டும் இருந்தவரால் 'காகித ஓடம்' அமைத்திருக்க இயலாது.

1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்திற்காக இருவரும் மீண்டும் இணைந்தனர். 2012இல் தமிழக அரசு இருவருக்குமே 'திரையிசைச் சக்கரவர்த்தி' என்னும் பட்டத்தை வழங்கியது. அப்போது ராமமூர்த்திக்கு அகவை தொண்ணூறு.